விண்கல் காப்பும் சென்னைக் கடற்காற்றும்

விண்வெளியிலிருந்து வந்து, காற்றுமண்டலத்தில் எரிந்து தேய்ந்தபின் தரையில் எஞ்சும் கல் அல்லது இரும்புத் துண்டு விண்கல் எனப்படும். வானில் ஒளிக்கோடாகத் தெரிவது எரிமீன். கையில் கிடைப்பது விண்கல். பெரும்பாலான விண்கற்களின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள். அத்தனை காலம் காற்றும் நீரும் இல்லாத வெளியில் பெரிதாக மாறாமல் இருந்த பொருள், புவிக்கு வந்த சில பத்தாண்டுகளிலேயே துருப்பிடித்து உதிர்ந்துபோகக்கூடும். கடலோர நகரங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். திருவல்லிக்கேணி போன்ற கடற்கரைப் பகுதியில் ஓர் இரும்பு விண்கல்லைத் திறந்த அலமாரியில் வைத்தால், அது வளிமண்டலத்தைக் கடந்து வந்தபோது பட்ட சேதத்தைவிட அலமாரியில் படும் சேதம் கூடுதலாக இருக்கலாம்.

விண்கற்களைச் சேமித்துக் காட்சிக்கு வைக்கும் முறை கடந்த 200 ஆண்டுகளில் படிப்படியாக உருவானது. தமிழ்நாட்டில் விழுந்த, கண்டெடுக்கப்பட்ட கற்களின் வரலாறும், சென்னை அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களைக் காக்க நடந்த முயற்சியும் அந்த முறையைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

சேகரிப்பின் தொடக்கம்

வானிலிருந்து கல் விழும் என்பதை மக்கள் பழங்காலந்தொட்டே அறிந்திருந்தனர். அறிவியல் உலகம் அதை ஏற்றுக்கொண்டது மிகவும் பிற்காலத்தில்தான். 1492 நவம்பர் 7 அன்று, இன்று பிரான்சில் உள்ள என்சிசைம் ஊரில் ஏறத்தாழ 127 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. அதை ஊர்த் தேவாலயத்தில் வைத்தனர். விழுவதை மக்கள் கண்ணால் பார்த்து, பின்னர் பாதுகாக்கப்பட்ட ஐரோப்பிய விண்கற்களுள் இது மிகப் பழமையானது. ஆயினும் பார்க்க வந்தவர்களும் சேகரிப்பாளர்களும் துண்டுதுண்டாக உடைத்து எடுத்துச் சென்றதால் இன்று அந்தக் கல்லின் பாதிக்கும் குறைவான பகுதியே ஊரில் எஞ்சியுள்ளது. காப்பிடம் இருந்தும் காவல் இல்லாத நிலைக்கு இது முதல் எடுத்துக்காட்டு.

1794இல் ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி, இத்தகைய கற்கள் விண்வெளியிலிருந்து வருபவை என்று நூல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. கருத்து மாறியதில் இந்தியக் கல் ஒன்றுக்கும் பங்குண்டு. 1798 டிசம்பரில் காசிக்கு அருகே கற்கள் விழுந்தன. அவற்றின் மாதிரி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. வேதியியலாளர் எட்வர்டு ஹோவர்டு அதையும் வேறு நாடுகளில் விழுந்த கற்களையும் ஒப்பிட்டுப் பகுத்தாய்ந்து, எல்லாவற்றிலும் உள்ள இரும்புத் துகள்களில் நிக்கல் இருப்பதை 1802இல் வெளியிட்டார். தொலைவான ஊர்களில் வெவ்வேறு காலங்களில் விழுந்த கற்கள் ஒன்றுபோல அமைந்திருந்தது பெரிய சான்றாயிற்று. 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேகிள் ஊரில் ஏறத்தாழ 3000 கற்கள் விழுந்ததை ழான் பாப்டிஸ்ட் பியோ நேரில் சென்று ஆய்ந்தபின் ஐயம் பெருமளவு நீங்கியது.

அதுவரை அதிசயப் பொருளாக இருந்த விண்கல், அதன்பின் ஆய்வுப் பொருளாயிற்று. வியன்னா, லண்டன், பாரிஸ், கல்கத்தா ஆகிய நகரங்களில் முறையான சேகரிப்புகள் வளர்ந்தன.

தமிழ் நிலத்தில் விழுந்தவை

வானிலிருந்து ஒளி விழுவதைக் குறித்த தமிழ்ப் பதிவு பழமையானது. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார், பங்குனி மாத இரவொன்றில் எரிமீன் விழுந்ததையும், அதிலிருந்து ஏழாம் நாளில் சேர மன்னன் இறந்ததையும் பாடுகிறார். அங்கு எரிமீன் மன்னனின் மறைவை முன்கூட்டிச் சொல்லும் நிமித்தம். விழுந்த பொருளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது.

1857 பிப்ரவரி 28 அன்று நண்பகலில், அன்றைய மதுரை மாவட்டத்தில், ஆங்கிலப் பதிவுகளில் பார்னல்லி என்று எழுதப்படும் ஊரில் இரண்டு கற்கள் விழுந்தன. ஒன்று ஏறத்தாழ 60 கிலோ. மற்றது ஏறத்தாழ 17 கிலோ. பெரிய கல் பின்னர் லண்டனுக்குச் சென்றது. இன்று அது அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. இக்கல் எல்.எல். 3 என்ற வகையைச் சேர்ந்தது. கதிரவக் குடும்பம் உருவான காலத்தில் உருகி உறைந்த சிறு மணிகள் இவ்வகைக் கற்களில் பெரிதும் சிதையாமல் காணப்படும். அதனால் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் பார்னல்லி கல்லின் துண்டுகளைக் கேட்டுப் பெற்று ஆராய்ந்துள்ளனர்.

1886 ஜனவரி 27 அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் நம்மியந்தலில் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையுள்ள கல் விழுந்தது. 1898இல் பழனிமலைப் பகுதியில் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள இரும்பு விண்கல் கண்டெடுக்கப்பட்டது. அது கொடைக்கானல் விண்கல் என்று பெயர் பெற்றது. அது எப்போது விழுந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. இவ்வாறு பின்னர் கண்டெடுக்கப்படுபவற்றையும், விழுவதைப் பார்த்தபின் எடுக்கப்படுபவற்றையும் விண்கல் பட்டியல்கள் தனித்தனியே குறிக்கின்றன. 2008 செப்டம்பர் 12 காலையில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே பல துண்டுகளாக ஒரு கல் விழுந்தது. அவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 110 கிலோ. அது எல்.எல். 6 வகைக் கல் என்று பின்னர் வகைப்படுத்தப்பட்டது.

கற்கள் போய்ச் சேர்ந்த இடங்கள்

சென்னையில் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. மதராஸ் இலக்கியச் சங்கம் தன்னிடமிருந்த ஏறத்தாழ 1100 நிலவியல் மாதிரிகளை அளித்ததுதான் அதன் தொடக்க இருப்பு. மருத்துவர் எட்வர்டு பால்ஃபர் அதன் முதல் பொறுப்பாளர். முதலில் கல்லூரிச் சாலையில் இருந்த அருங்காட்சியகம் 1854இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. கல்லில் தொடங்கிய அருங்காட்சியகம் என்றாலும், தென்னிந்தியாவின் பெரிய விண்கற்கள் இங்கே நிலைகொள்ளவில்லை. அவை ஒன்று லண்டனுக்குப் போயின. இல்லையேல் கல்கத்தாவுக்குப் போயின.

கல்கத்தாவில் ஆசியச் சங்கம் தொடங்கிய சேகரிப்பு, பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் வந்தது. இந்தியாவில் விழும் விண்கற்களுக்கு அத்துறையே காப்பாளர். கொடைக்கானல் இரும்பின் பெரும்பகுதி அங்கேயே உள்ளது. அத்துறையின் ஏ. எல். கூல்சன் 1940இல் அந்தச் சேகரிப்புக்கு ஒரு விரிவான பட்டியல் வெளியிட்டார். எந்தக் கல், எங்கே, எப்போது, எவ்வளவு எடை, எத்தனை துண்டு என்ற விவரங்கள் இத்தகைய பட்டியல்களால்தான் இன்றும் கிடைக்கின்றன.

சேகரிப்புக்குள் வராத கற்களின் கதி வேறு. 1867 ஜனவரி 19 அன்று ராஜபுதனத்தின் கேத்ரி பகுதியில் விழுந்த கற்களை, அச்சமுற்ற மக்கள் இடித்துத் தூளாக்கிக் காற்றில் தூவிவிட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. அதற்கு முன், 1621இல் பஞ்சாபின் ஜலந்தர் அருகே விழுந்த இரும்பை முகலாயப் பேரரசர் ஜகாங்கீர் வரவழைத்து, சாதாரண இரும்புடன் கலந்து வாள்களும் கத்திகளும் செய்யச் சொன்னார். அவற்றுள் ஒரு கத்தி இன்று வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. கத்தி தப்பியது; விண்கல்லின் உள்ளமைப்பு உலையில் அழிந்தது.

உலோகத்தைத் தின்னும் குளோரின்

விண்கற்கள் பொதுவாக மூன்று வகை: கல் விண்கற்கள், இரும்பு விண்கற்கள், இரண்டும் கலந்தவை. கல் விண்கற்களிலும் பெரும்பாலானவற்றில் நிக்கல் கலந்த இரும்புத் துகள்கள் உண்டு. ஆகவே துரு என்பது இரும்பு விண்கல்லுக்கு மட்டும் உரிய நோய் இல்லை.

அருங்காட்சியகங்களில் இருந்த இரும்பு விண்கற்கள் சில, ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சள், பழுப்பு நிறத் துளிகளைக் கசியவிட்டன. மேற்பரப்பு வெடித்துச் செதில்செதிலாகக் கழன்றது. துடைத்துக் காயவைத்தாலும் நோய் திரும்பி வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது: விண்கல்லுக்குள்ளேயே இரும்புக் குளோரைடு கனிமம் இருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைகிறது. அமெரிக்க வேதியியலாளர் ஜே. லாரன்ஸ் ஸ்மித்தின் பெயரால் அது லாரன்சைட் என்று அழைக்கப்பட்டது.

1989இல் வாகன் புக்வால்டு, ராய் கிளார்க் ஆகிய இருவரும் அண்டார்க்டிகா விண்கற்களை ஆராய்ந்து இந்தக் கருத்தைத் திருத்தினர். அரிப்புக்குக் காரணமான குளோரின் விண்ணிலிருந்து வரவில்லை. புவியின் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் கல்லுக்குள் நுழைகிறது என்று அவர்கள் காட்டினர். அது இரும்புடன் சேர்ந்து அகாகனைட் என்ற துருக் கனிமத்தை உண்டாக்குகிறது. அகாகனைட் தன் படிக அமைப்புக்குள் குளோரினைப் பிடித்து வைத்திருக்கும். காலப்போக்கில் அது வேறு துருக்களாக மாறும்போது குளோரின் விடுபட்டு, இன்னும் துருப்பிடிக்காத உலோகத்தை நோக்கி உள்ளே செல்கிறது. அங்கே மீண்டும் அகாகனைட் உருவாகிறது. துரு, உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். எனவே உள்ளிருந்து அழுத்தம் பெருகிக் கல் பிளக்கிறது.

இந்தச் சுழற்சி நடக்க மூன்று தேவை: குளோரின், ஆக்சிஜன், ஈரம். உள்ளே புகுந்த குளோரினை முழுதும் நீக்குவது கடினம். ஆக்சிஜனை நீக்கச் செலவு அதிகம். குறைந்த செலவில் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றே. 1843இல் வெள்ளோட்டம் விடப்பட்ட கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பல் இதற்கு நல்ல சான்று. கடல் உப்பு ஊறிய அதன் உடலைக் காக்க, பிரிட்டனின் பிரிஸ்டல் துறையில் கப்பலின் அடிப்பகுதியைச் சூழ்ந்து ஒரு மூடிய அறை அமைத்து, அதன் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை ஏறத்தாழ 20 விழுக்காட்டில் வைத்துள்ளனர். விண்கல்லுக்கும் அந்தக் கப்பலுக்கும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

கடற்கரை நகரத்தின் சிக்கல்

சென்னையின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் கூடும். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளில் கடற்காற்று உப்புத் துகள்களையும் சுமந்து வருகிறது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் சன்னல் கம்பிகளும் இரும்புக் கதவுகளும் விரைவில் துருவேறுவதை அங்கு வாழ்வோர் அறிவர். விண்கல்லுக்கு வேண்டாத ஈரம், குளோரின் இரண்டும் இங்கே காற்றிலேயே கிடைக்கின்றன.

சென்னை இச்சிக்கலை விண்கல்லில் சந்திக்கும் முன்பே செப்புத்திருமேனிகளில் சந்தித்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த வெண்கலச் சிலைகள் பலவும் மண்ணுக்குள்ளிருந்து புதையலாகக் கிடைத்தவை. மண்ணில் இருந்தபோது குளோரைடு உப்புகள் உலோகத்துக்குள் ஊறின. காட்சிக்கூடத்தின் ஈரக்காற்றில் அவை வினைபுரிந்து வெளிர்பச்சைப் பொடியாக வெளிப்பட்டன. இது வெண்கல நோய் எனப்படும். இதற்குத் தீர்வு காண, எஃப். எச். கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், 1930இல் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்தது. அதன் பொறுப்பில் இருந்த எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் குளோரைடை வெளியேற்றிச் சிலைகளைக் காத்தார். இந்திய அருங்காட்சியகப் பாதுகாப்பின் முன்னோடிப் பணிகளுள் இது ஒன்று.

இந்த அனுபவம் விண்கல் காப்புக்கும் பயன்படும். ஆனால் ஓர் எல்லைக்குள். சிலையில் காக்க வேண்டியது அதன் வடிவமும் மேற்பரப்பும். அதற்காகச் சிறிது வேதிமாற்றம் நேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை. விண்கல்லில் வடிவத்தைவிட உள்ளிருக்கும் தனிமங்களும் கனிமங்களுமே முக்கியம். நீரிலோ காரக் கரைசலிலோ ஊறவைத்தால் துரு நிற்கலாம். அதனுடன் கரையக்கூடிய கனிமங்களும் போய்விடும். ஆகவே விண்கல்லுக்குச் சிகிச்சையைவிட வருமுன் காத்தலே நல்ல வழி.

பெட்டிக்குள் வேறு காலநிலை

திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ் கட்டடம் 1842இல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலிருந்து டியூடர் நிறுவனம் கப்பலில் அனுப்பிய இயற்கைப் பனிக்கட்டியைச் சேமிப்பதே அதன் வேலை. குளிர்ப்பதனப் பொறி இல்லாத காலத்தில், மரத்தூள் சூழ அடுக்கிய பனிக்கட்டி வெப்பமண்டலக் கடலைக் கடந்து வந்து, தடித்த சுவர்களுக்குள் உருகாமல் இருந்தது. நகரத்தின் காற்றை மாற்ற முடியாது. ஒரு மூடிய இடத்துக்குள் இருக்கும் காற்றை மாற்றலாம். விண்கல் காட்சிப்பெட்டியும் இதே கருத்தில் செயல்படுவது.

அறை முழுவதையும் நாள் முழுதும் குளிரூட்டி உலர்த்துவது செலவானது. மின்சாரம் நின்றால் ஈரம் உடனே உள்ளே வரும். பகலில் குளிரூட்டி இரவில் நிறுத்தினால் தீமை இன்னும் கூடும். குளிர்ந்த கல்லின்மேல் இரவுக் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். இதைவிட, காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் சிலிகா ஜெல் வைப்பது எளிது. சிலிகா ஜெல் ஈரத்தை ஈர்க்கும் மணிகள். மருந்துக் குப்பிகளிலும் புதிய கைப்பைகளிலும் சிறு பொட்டலமாக இருப்பது அதுவே. ஈரம் ஏறியதை நிறமாற்றத்தால் காட்டும் வகையும் உண்டு. அடுப்பில் சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஆண்டுக்கொரு முறை மாற்றினால் போதும் என்ற விதி குளிர்நாடுகளுக்குப் பொருந்தலாம். சென்னையின் மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றை வைத்து, அதன் அளவைக் குறித்து வருவது நலம்.

பெட்டி எதனால் ஆனது என்பதும் முக்கியம். ஓக் போன்ற சில மரங்களும், பசையிட்டு ஒட்டிய பலகைகளும் அமில ஆவியை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கி உலோகத்தை அரிக்கும். புதிதாகப் பூசிய வண்ணமும் சிறிது காலம் ஆவி விடும். கண்ணாடி, அலுமினியம், துருவேறா எஃகு, பாலிஎத்திலீன் ஆகியவை பாதுகாப்பானவை. பி.வி.சி. என்ற நெகிழியில் குளோரின் இருப்பதால் அதைத் தவிர்ப்பர். வீட்டு அலமாரிகளில் பூச்சி வராமல் இருக்க வைக்கும் அந்துருண்டையும் சூடமும் விண்கல் அருகே கூடாது. அவற்றின் ஆவி கல்லின் நுண்துளைகளில் தங்கும். கரிமச் சேர்மங்கள் நிறைந்த கார்பன் விண்கற்களில் இது பெரும் தீங்கு. 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் விழுந்தது இவ்வகைக் கல். அத்தகைய கல்லில் கிடைக்கும் கரிமப் பொருள் விண்ணிலிருந்து வந்ததா, அலமாரியிலிருந்து வந்ததா என்ற ஐயம் எழுந்தால் ஆய்வின் பெறுமதி போய்விடும்.

கை, காந்தம், நீர்

வெறுங்கையால் தொடும்போது வியர்வையின் உப்பு கல்லில் படிகிறது. வியர்வையிலும் குளோரைடு உண்டு. ஆகவே சுத்தமான கையுறை கட்டாயம். இரும்பு விண்கல்லின் மேல் எண்ணெய் பூசும் வழக்கம் சில சேகரிப்பாளரிடம் உண்டு. எண்ணெய் பளபளப்பைத் தரும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் குளோரைடை அது தடுக்காது. பிற்கால ஆய்வையும் கெடுக்கும்.

விண்கல்லா என்று அறியக் காந்தம் வைத்துப் பார்ப்பது உலகெங்கும் பரவிய பழக்கம். இதுவும் தீங்கானது. செவ்வாய்க் கோளிலிருந்து வந்த, கருப்பழகி என்று செல்லப்பெயர் பெற்ற கல்லில் செவ்வாயின் பழைய காந்தப்புலத்தின் சுவடு இருந்திருக்கலாம். சேகரிப்பாளர்கள் வலிமையான கைக்காந்தங்களால் தொட்டதால் அது ஆராயப்பட்ட துண்டுகளில் அழிந்துவிட்டதை 2023இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

நீரின் தீமைக்கு மறுபுறச் சான்றும் உண்டு. 1998 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மோனஹான்சில் ஒரு கல் விழுந்தது. அது விரைவில் நாசாவின் ஆய்வகத்தை அடைந்தது. உள்ளே ஊதா நிறச் சாதாரண உப்புப் படிகங்களும், அவற்றுக்குள் மிக நுண்ணிய நீர்த்துளிகளும் இருந்தன. விண்கல்லுக்குள் நீர்மமாகவே நீர் காணப்பட்ட அரிய கண்டுபிடிப்பு அது. யாரேனும் அந்தக் கல்லைக் குழாய்நீரில் கழுவியிருந்தால் உப்பு கரைந்து, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

பெயர்ச்சீட்டு என்னும் பாதிக் கல்

ஈரத்திலிருந்து காத்தாலும், எங்கே எப்போது கிடைத்தது என்ற பதிவு இல்லாவிட்டால் விண்கல்லின் மதிப்பு பெரிதும் குறையும். எனவே ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண், எடை, ஒளிப்படம், கிடைத்த இடத்தின் ஆயத்தொலைவு, எடுத்தவர், பெற்ற நாள் ஆகியவை பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வெட்டிக் கொடுத்தால் எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு எஞ்சியது என்பதையும் எழுத வேண்டும். எடையை அவ்வப்போது சரிபார்ப்பது திருட்டைக் கண்டறியவும், துருவால் உதிர்வதை அறியவும் உதவும்.

பதிவின் தேவையைத் தமிழ்நாடு அண்மையில் உணர்ந்தது. 2016 பிப்ரவரி 6 அன்று அன்றைய வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் நிகழ்ந்த வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததே காரணம் என்று மாநில அரசு அறிவித்தது. அது உறுதியானால், விண்கல்லால் மனிதர் இறந்ததாகப் பதிவாகும் மிக அரிய நிகழ்வாகும். நாசாவின் அறிவியலாளர்களோ, வெளியான படங்களைக் கொண்டு பார்க்கும்போது அது நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பையே ஒத்திருப்பதாகக் கூறினர். ஓர் உயிரிழப்பின் காரணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில், கையில் இருந்த துண்டு எது, எங்கிருந்து எடுக்கப்பட்டது, யார் கைகளைக் கடந்து வந்தது என்பவை எவ்வளவு முக்கியம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பாதுகாத்ததன் பயன்

கவனமாகக் காத்த கல், அதை எடுத்தவர்கள் எண்ணிப்பார்த்திராத கேள்விகளுக்கும் பிற்காலத்தில் விடை தருகிறது. 1865 ஆகஸ்டு 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. அதன் பெரும்பகுதி கல்கத்தாவில் காக்கப்பட்டது. 1872இல் வியன்னாவின் குஸ்தாவ் செர்மாக் அதில் ஒரு புதிய பொருளைக் கண்டு, லண்டன் அருங்காட்சியகத்தின் கனிமக் காப்பாளர் நெவில் ஸ்டோரி மாஸ்கலின் பெயரால் மாஸ்கலினைட் என்று பெயரிட்டார். ஆயினும் ஷெர்காட்டி வகைக் கற்கள் செவ்வாயிலிருந்து வந்தவை என்பது 1980களில்தான் தெளிவாயிற்று. அண்டார்க்டிகாவில் கிடைத்த அதே வகைக் கல்லில் அடைபட்டிருந்த வளியும், செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அளந்த காற்றும் பொருந்தின. நூற்றாண்டுக்கும் மேலாகப் பெட்டியில் இருந்த பீகார்க் கல், செவ்வாயின் துண்டு என்று அடையாளம் பெற்றது.

கொடைக்கானல் இரும்புக்கும் இத்தகைய வரலாறு உண்டு. அதன் உள்ளே கண்ணாடி போன்ற சிலிகேட் மணிகள் உள்ளன. 1967இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பர்னெட், வாசர்பர்க் ஆகியோர் ரூபிடியம், ஸ்ட்ராண்டியம் ஆகிய தனிமங்களின் அளவைக் கொண்டு அவற்றின் வயதைக் கணித்தனர். விடை ஏறத்தாழ 380 கோடி ஆண்டுகள். பெரும்பாலான விண்கற்களைவிட இது பல கோடி ஆண்டுகள் இளமையானது. கதிரவக் குடும்பம் தோன்றி நெடுங்காலத்துக்குப் பிறகும் சிறுகோள்களில் உருகுதலும் மோதலும் நடந்தன என்பதற்கு அது சான்றாயிற்று. பழனிமலையில் 1898இல் எடுத்த இரும்பு இடையில் துருவாகியிருந்தால் இந்தக் கணக்கு கிடைத்திராது.

காட்டுவதா, பூட்டுவதா

1969இல் ஜப்பானிய ஆய்வுக் குழு அண்டார்க்டிகாவின் யமாட்டோ மலைப் பகுதியில் ஒன்பது விண்கற்களை எடுத்தது. அதன்பின் பனிப்பரப்பிலிருந்து பல்லாயிரம் கற்கள் கிடைத்துள்ளன. அமெரிக்கக் குழு எடுப்பவை ஹூஸ்டனில் உள்ள நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்துக்கு உறைநிலையிலேயே செல்கின்றன. அங்கே உலர்ந்த நைட்ரஜன் நிரம்பிய பெட்டிகளில், கையுறை பொருத்திய துளைகள் வழியாகவே அவற்றைக் கையாளுகின்றனர். ஆய்வுக்கு இதுவே சிறந்த முறை. ஆனால் பொதுமக்கள் இப்படிப்பட்ட அறைக்குள் சென்று பார்க்க முடியாது.

மக்கள் வரியில் காக்கப்படும் பொருளை மக்கள் காண வேண்டும் என்பதும் நியாயமே. இதற்கு அருங்காட்சியகங்கள் கல்லைப் பிரித்துக் கையாளுகின்றன. பெரும்பகுதியையும் ஆய்வுத் துண்டையும் காப்பறையில் வைத்து, நிலையான ஒரு துண்டை மட்டும் உலர்ந்த கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கின்றன. தொட்டுப் பார்க்க வார்ப்புப் பிரதி தரலாம். கருகிய மேலோடு ஒரு பக்கமும், வெட்டி மெருகிட்ட உட்பகுதி மறுபக்கமும் தெரியும்படி வைத்தால் பள்ளி மாணவரும் விண்கல்லின் அமைப்பை எளிதில் புரிந்துகொள்வர். இரும்பு விண்கல்லின் குறுக்கு வெட்டுக் கோலத்தைக் காட்ட அமிலத்தால் அரிப்பதுண்டு. அமிலம் முழுதும் நீங்கிக் கல் நன்கு உலர்ந்த பிறகே காட்சிக்கு வைக்க வேண்டும். சூடான விளக்குகளைப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே வைப்பது, கனமான கல்லுக்கு அசையாத தாங்கி அமைப்பது, பூட்டும் கண்காணிப்பும் ஏற்பாடு செய்வது ஆகியவை மற்ற தேவைகள்.

விழுந்த நாளில் செய்ய வேண்டியவை

விண்கல்லின் காப்பு அருங்காட்சியகத்தில் தொடங்குவதில்லை. விழுந்த வயலிலேயே தொடங்குகிறது. கல் கிடைத்தால் கழுவக்கூடாது. காந்தம் வைக்கக்கூடாது. சுத்தியால் உடைத்துப் பங்கிடக்கூடாது. மஞ்சள், குங்குமம், எண்ணெய் ஆகியவற்றை இட்டால் அவை கல்லுக்குள் ஊறிவிடும். கிடந்த நிலையில் படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்தபின், கையில் படாமல் புதிய அலுமினியத் தாளிலோ சுத்தமான பாலிஎத்திலீன் பையிலோ எடுக்க வேண்டும். மழைக்கு முன் எடுப்பது மிகவும் நல்லது. மாவட்ட நிர்வாகத்துக்கோ புவியியல் ஆய்வுத் துறைக்கோ தெரிவித்தால் அவர்கள் வந்து பெற்றுக்கொள்வர்.

பார்னல்லி முதல் சூளகிரி வரை தமிழ்நாட்டின் விண்கற்கள் இன்று ஆய்வுலகில் பெயர் பெற்றிருப்பதற்குக் காரணம், கண்டவர்கள் அவற்றை ஒப்படைத்ததும், பெற்றவர்கள் உலர்வாகவும் பதிவோடும் காத்ததும்தான். உப்புக்காற்று வீசும் சென்னையிலும் அதைச் செய்ய இயலும். அதற்கு ஈரம் புகாத பெட்டி, மாற்றிக்கொண்டே இருக்கும் சிலிகா ஜெல், ஒழுங்காக எழுதப்படும் பதிவேடு, மழைக்காலத்திலும் மறக்காமல் வந்து பார்க்கும் பொறுப்பாளர் ஆகிய நான்கும் வேண்டும்.